ஹைப்ரிட் சைக்கிளுக்கு டயர் அகலம் 28-ஆ, 32-ஆ, 35-ஆ? புதுவண்ணாரப்பேட்டை – எண்ணூர் ரோட்டுக்கு எது சரி?

வண்ணை சைக்கிள்காரன்:

வணக்கம். வீடு புதுவண்ணாரப்பேட்டை, வேலை கத்திவாக்கம் பக்கம். ஒரு வழிக்குப் பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். காலையில் பெரும்பாலும் எண்ணூர் விரைவுச் சாலைதான், கன்டெய்னர் வண்டிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்றுவிட்டால் உள்ளே திரும்பி திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் போய்விடுவேன். கியர் வைத்த ஹைப்ரிட், வாங்கும்போதே வந்த டயர் 700 × 40 சி (40 என்பது மில்லிமீட்டரில் அகலம்), கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த வகை. இப்போது பின் டயரில் நடுப் பட்டன் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, ஓரத்தில் நூலும் தெரிய ஆரம்பித்திருக்கிறது. மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுவதுதான் மாற்றுகிறோம், சரியான அகலமாகப் போட்டுவிடலாம் என்று கேட்கப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் முட்டுக்காடு வரை ஒரு குழுவோடு போவேன், அவர்கள் வைத்திருப்பது எல்லாம் ரோடு பைக், 25-ம் 28-ம் போட்டிருக்கிறார்கள், நீயும் 28 போடு, வண்டி பறக்கும் என்கிறார்கள். டயர் கடையில் 32 எடுங்கள் என்றார்கள். தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் அண்ணன், இருக்கிற அகலத்தையே போடு தம்பி என்கிறார். என் எடை 84 கிலோ. முதுகில் லேப்டாப் பை, சாப்பாட்டு டப்பா, மழைக்காலத்தில் கோட்டு.

இப்போது இருக்கும் டயரில் மிதிக்க மிதிக்க வண்டி பின்னால் இழுப்பது மாதிரியே இருக்கிறது. அதுதான் என் பெரிய குறை. அகலத்தைக் குறைத்தால் அது போகுமா? போகும் என்றால் எதுவரை குறைக்கலாம், ரிம் மாற்ற வேண்டுமா, டியூப் மாற்ற வேண்டுமா? இந்த ரோட்டில் ஓட்டுகிறவர்கள் சொன்னால் நல்லது.

டோல்கேட் வாசி:

முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள், அது தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் குத்துமதிப்புதான். ரிம்மின் மேல் ஸ்டிக்கரிலோ அச்சிலோ ஓர் எண் இருக்கும், 622 என்று தொடங்கும், அது என்ன? பிரேக் டிஸ்க்கா, வி-பிரேக்கா? இப்போது இருக்கும் 40 டயருக்கும் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்குக்கும் நடுவில், பின்னால் செயின் ஓடும் குழாய்க்கும் டயருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது? மட்கார்டு இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் காற்று எவ்வளவு வைத்து ஓட்டுகிறீர்கள்? இதை யாருமே சொல்வதில்லை. கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, கல் மாதிரி இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

பெரம்பூர் ஞாயிறு:

நான் 28-க்கு ஓட்டுப் போடுகிறேன், காரணத்தோடு. என்னுடையதும் ஹைப்ரிட்தான், பெரம்பூரிலிருந்து கிளம்பி ஈசிஆர் வரைக்கும் 28-இல்தான் போய் வருகிறேன். சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி லேசாக இருப்பது காலுக்கு உடனே தெரியும். டயரின் எடை சக்கரத்தின் ஓரத்தில் இருப்பதால் ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் அதைச் சுழற்றியாக வேண்டும், பழைய கனத்த டயரைக் கழற்றிவிட்டு இதை மாட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. நல்ல தார் ரோட்டில் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டிப் போகும்போது கூட்டத்தோடு ஒட்டிப் போக முடிகிறது. காற்றழுத்தம் பின்னால் 85 பிஎஸ்ஐ, முன்னால் 75 வைக்கிறேன், என் எடை 66.

பள்ளத்தைப் பார்த்து ஓட்டத் தெரிய வேண்டும், சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பி முழங்கை மடக்கி விட்டால் பெரிய அடி விழாது. காலையில் ஐந்து மணிக்கு ரோடு காலியாக இருக்கும்போது இதெல்லாம் சுலபம்.

வண்ணை சைக்கிள்காரன்:

டோல்கேட் சார், பார்த்துவிட்டேன். ரிம்மில் 622 × 19 என்று இருக்கிறது. வி-பிரேக். டயருக்கும் போர்க்குக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒரு சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறது, பின்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பிளாஸ்டிக் மட்கார்டு இரண்டும் உண்டு. காற்று பெட்ரோல் பங்கில் அடிப்பதுதான், எவ்வளவு என்று கேட்டுக்கொண்டது இல்லை, கெட்டியாக இருக்கும். வால்வு பைக்குக்கு இருக்கிற மாதிரி தடித்தது.

பெரம்பூர் அண்ணா, நீங்கள் சொல்கிற ஐந்து மணி ரோடு எனக்குக் கிடைக்காது. எட்டு மணி ஷிப்ட் ரோடுதான் என் ரோடு.

பழைய ராலி:

தம்பி, 622 × 19 என்றால் கவலையில்லை. 622 என்பது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடத்தின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 19 என்பது ரிம்மின் உள் அகலம். இந்த ரிம்மில் 28-லிருந்து 50 வரை எதுவும் ஒழுங்காக உட்காரும், அதனால் ரிம்மை மாற்றும் பேச்சே வேண்டாம். வாங்கும்போது ஒன்றில் மட்டும் கவனம். டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 35-622, 40-622 என்று அச்சாகியிருக்கும், அந்த 622-ஐ உங்கள் கண்ணால் பார்த்து வாங்குங்கள். கடையில் போய் வெறும் 28 இஞ்ச் என்று கேட்டால், அப்பா காலத்துப் பெரிய சைக்கிளுக்குப் போடும் 28 × 1½ டயரை எடுத்து நீட்டுவார்கள். அதன் அளவு 635. பதின்மூன்று மில்லிமீட்டர் பெரிது, நம் ரிம்மில் நிற்காது. 700 சி-யையும் சில கம்பெனிகள் 28 இஞ்ச் என்றே எழுதுவதால் வரும் குழப்பம் இது.

இப்போது உங்கள் பெரிய குறைக்கு வருகிறேன். வண்டி பின்னால் இழுக்கிறது என்கிறீர்கள். பழியை 40 என்ற எண்ணின் மேல் போடுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை பழி பாதிக்கு மேல் பட்டனுக்கும் டயரின் தடித்த உடம்புக்கும்தான் போக வேண்டும். சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் இடத்தில் டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. மடக்கக் கொடுத்த சக்தி முழுசாகத் திரும்பி வராது, ஒரு பகுதி சூடாகப் போய்விடும். ரப்பரும் நூலும் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நஷ்டம். பட்டன் வைத்த டயரில் ஒவ்வொரு பட்டனும் தனித்தனியாக நசுங்கி நிமிர்கிறது, நல்ல தார் ரோட்டில் உர்ர் என்று ஒரு சத்தம் வருமே, உங்கள் கால் கொடுத்த சக்தியில் கொஞ்சம் அங்கேதான் போகிறது.

அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஒரே மாதிரி உடம்பு உள்ள இரண்டு டயர், ஒரே அழுத்தம், அகலமானதுதான் சுலபமாக உருளும். ஏனென்றால் அழுத்தம் ஒன்றாக இருந்தால் தரையைத் தொடும் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், குறுகலான டயரில் அது நீளமாகப் படுகிறது, அகலமானதில் குட்டையாக, அகலமாகப் படுகிறது. நீளமாகப் பட்டால் டயர் அதிகம் வளைய வேண்டும். நடைமுறையில் அகலமான டயரில் காற்றைக் குறைத்துத்தான் ஓட்டுவோம், அதனால் கடைசியில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்து நிற்கும். பந்தயத்தில் ஓட்டுகிறவர்களே ஒரு காலத்தில் 23 போட்டார்கள், பிறகு 25, இப்போது 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள், வேகம் குறைந்தா போயிற்று?

ரோடு கரடுமுரடாக இருந்தால் இன்னொரு நஷ்டம் சேர்கிறது. காற்றுக் கெட்டியாக உள்ள குறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் மேட்டிலும் வண்டியையும் உங்களையும் மேலே தூக்கிப் போடுகிறது. முன்னால் போக வேண்டிய சக்தி உங்கள் கையிலும் இடுப்பிலும் அதிர்ந்து செலவாகிறது. எர்ணாவூர் மேம்பாலத்தில் அந்த இணைப்புகளைத் தாண்டும்போது கவனியுங்கள், மணிக்கட்டில் ஏறும் அடி எல்லாம் நீங்கள் மிதித்த மிதிதான்.

அடுத்தது காற்று. டயருக்குள் இருக்கும் காற்றின் அளவு அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 28-ஐயும் 40-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டால் 40-க்குள் இரண்டு மடங்கு காற்று. 28-க்கும் 35-க்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். உங்கள் எடையையும் பையையும் வண்டியையும் சேர்த்தால் நூறு கிலோவைத் தாண்டுகிறது, அதில் அறுபது கிலோ அளவுக்குப் பின் சக்கரத்தில் விழும். அந்த எடையை 28-இல் தாங்க வைக்க வேண்டும் என்றால் பின்னால் 90 பிஎஸ்ஐ பக்கம் போக வேண்டும், பள்ளத்தில் அடி வாங்காமல் இருக்க அதற்கு மேலும் போகத் தோன்றும். 35-இல் பின்னால் 60, முன்னால் 50 போதும். 40-இல் 50-ம் 40-ம். பெரம்பூர்க்காரர் 66 கிலோ, அவருக்கு 28 சரியாகத்தான் இருக்கும், அவருடைய எண்ணை அப்படியே நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிராங்க் பெர்ட்டோ என்று ஒருவர், சைக்கிள் டயர்களை அளந்து அளந்து ஒரு வரைபடம் போட்டார். எடை ஏறியதும் டயரின் உயரம் சுமார் 15 சதவீதம் அமுங்க வேண்டும், அந்த அளவுக்குக் காற்று வைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. 35 டயர் என்றால் ஐந்து மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்துப் பின் டயரைப் பார்க்கச் சொல்லுங்கள். துளிகூட அமுங்கவில்லை என்றால் காற்று அதிகம். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்சம், அவ்வளவு வைத்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆக என் யோசனை: 35, தார் ரோட்டுக்கான வழவழப்பு டயர், பக்கவாட்டு மெல்லியதாக, நடுவில் மட்டும் பஞ்சர் தடுக்கும் பட்டை வைத்தது. கடையில் டயரைக் கையில் வாங்கி இரண்டு விரலால் பக்கவாட்டைக் கிள்ளி மடக்கிப் பாருங்கள். மெத்தென்று மடங்கினால் உருளும், பழைய ரப்பர் செருப்பு மாதிரி முரண்டு பிடித்தால் எந்த அகலமாக இருந்தாலும் இழுக்கும்.

ஒட்டுக்கடை:

ராலி ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் தண்டையார்பேட்டையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து. என் பக்கம் வந்து விழும் டியூப்பை வைத்துச் சொல்கிறேன்.

தொட்டியில் டியூப்பை முக்கினால் குமிழி எங்கே வருகிறது என்பதிலேயே கதை தெரிந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால் அது ஆணியும் இல்லை முள்ளும் இல்லை, பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மின் இரண்டு ஓரமும் டியூப்பை நசுக்கிக் கடித்தது. குறுகிய டயர் போட்டவர்கள், காற்றுக் குறைவாக வைத்து ஓட்டுகிறவர்கள், கனமான ஆட்கள், இவர்களிடம்தான் இது அதிகம் பார்க்கிறேன். டிரெய்னேஜ் மூடி ரோட்டைவிட இரண்டு அங்குலம் கீழே இருக்கிறதே, ரோடு மேலே மேலே போட்டு ஏற்றியதால் வந்த பள்ளம், அதன் விளிம்பு கத்தி மாதிரி நேராக இருக்கும். அதில் 28 இறங்கினால் டியூப்போடு போகாது, ரிம்மும் நெளியும். அப்புறம் கோட்டம் எடுக்க என்னிடம்தான் வர வேண்டும்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. விரைவுச் சாலையிலும் மணலி ரோட்டிலும் டிரெய்லர் டயர் கிழிந்து சிதறும், அந்த லாரி டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி முடி கனத்துக்குத்தான் இருக்கும், ஒரு சென்டிமீட்டர் நீளம், சாலையோர மணலோடு மணலாகக் கிடக்கும். சைக்கிள் டயரில் நுழைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. டியூப்பை ஒட்டிக்கொண்டு போவார்கள், இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும், ஒட்டியது சரியில்லை என்று சண்டைக்கு வருவார்கள். ஒட்டியது சரியாகத்தான் இருக்கும், கம்பி டயருக்குள்ளேயே நிற்கும். நான் டயரின் உள்பக்கம் முழுக்கப் பஞ்சை ஓட்டிப் பார்ப்பேன், கம்பி இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும், இடுக்கியால் வெளியே இழுத்துவிடலாம். விரலை விட்டுத் தேடாதீர்கள், கிழித்துவிடும்.

டயர் மாட்டும்போது டயரில் பெயர் எழுதியிருக்கும் இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று பார்த்தால் டயரில் கம்பி எங்கே நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இந்தக் கம்பிக்கு அகலமா குறுகலா என்ற பேதம் கிடையாது. நடுவில் தடுப்புப் பட்டை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் டயரில் மூன்று மில்லிமீட்டர் ரப்பர் பட்டை வைத்திருப்பார்கள், மாரத்தான் பிளஸ் என்றால் ஐந்து மில்லிமீட்டர். பிளஸ் கனம், உருளுவதும் கொஞ்சம் மந்தம், ராலி ஐயா சொன்ன விரல் சோதனையில் தேறாது. ஆனால் பஞ்சர் என்று அதைக் கொண்டு வருகிறவர்கள் குறைவு. விலையும் கூடுதல்தான், இதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, உள்நாட்டுத் தயாரிப்பிலும் பட்டை வைத்தது வருகிறது, கேட்டு வாங்குங்கள்.

டியூப் கேட்டிருந்தீர்கள். டியூப் அட்டைப் பெட்டியில் 700 × 35/43 என்ற மாதிரி எழுதியிருக்கும், அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் உங்கள் டயர் வந்தால் போதும். 35 போட்டால் உங்கள் பழைய டியூப்பே போதும், நல்ல நிலையில் இருந்தால். 28-க்குப் போனால் கட்டாயம் மாற்ற வேண்டும், பெரிய டியூப் உள்ளே மடிந்து அந்த மடிப்பிலேயே பிய்த்துக்கொள்ளும். டியூப் வாங்கும்போது தடித்த வால்வாகவே வாங்குங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு உங்கள் ரிம் ஓட்டையில் ஆடும், பங்கிலும் அடாப்டர் இல்லாமல் காற்று ஏறாது. டயரைக் கழற்றும்போது ரிம்முக்குள் ஸ்போக்ஸ் தலைகளை மூடியிருக்கும் ரிம் டேப்பையும் பார்த்துவிடுங்கள், நம் கடல் காற்றுக்கு ஸ்போக்ஸ் தலை துருப்பிடித்து டேப்பைத் துளைத்துக்கொண்டு நிற்கும்.

பங்குக் காற்றில் ஓர் எச்சரிக்கை. அது காருக்கும் லாரிக்கும் உள்ளது, சைக்கிள் டியூப்பில் கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். விட்டு விட்டு அடியுங்கள். முடிந்தால் மீட்டர் வைத்த நிற்கும் பம்ப் ஒன்று வீட்டில் வாங்கி வையுங்கள், டயர் அகலத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், காற்று எவ்வளவு என்று தெரியாவிட்டால் பேசியது எல்லாம் வீண்.

ராயபுரம் டீச்சர்:

நான் 38 போட்டிருக்கிறேன். பின் சீட்டில் மகளை உட்கார வைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே என் பள்ளிக்குப் போகிறேன், அவள் பையும் என் நோட்டுப் புத்தகக் கட்டும் சேர்ந்து பின் சக்கரத்தில்தான் எடை முழுவதும். பின்னால் எடை ஏறுகிறவர்கள் குறுக்கக் கூடாது என்பது என் எண்ணம். முன்னால் 35, பின்னால் 38 என்று கலந்தும் போடலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

காசிமேடு பக்கம் காலையில் போய்ப் பாருங்கள் தம்பி, துறைமுக வாசலைச் சுற்றி ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ரோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கொஞ்சம் காய்ந்த ரோட்டைப் பார்க்கலாம். ஈர ரோட்டுக்குப் பட்டன் டயர்தான் பிடிக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சைக்கிள் வேகத்தில் டயருக்கு அடியில் தண்ணீர் தேங்கி வண்டி மிதக்கும் பேச்சே கிடையாது, ஈரத் தாரில் ரப்பர் எவ்வளவு பரப்பில் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. பட்டன் உதவுவது சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும்தான். ஆனால் ஈர இரும்பு மூடி, ரோடு வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, வெள்ளைக் கோடு, இவற்றின் மேல் எந்த டயரும் வழுக்கும். அங்கே திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகத் தாண்டுங்கள்.

ரயில்வே கேட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சக்கரம் போக விட்டிருக்கும் பள்ளம் 40 டயரே இறங்கும் அகலம். அகல டயர் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் சாய்வாக வெட்டிப் போகாதீர்கள். தண்டவாளத்துக்குக் குறுக்கே நேராகத் திருப்பித் தாண்ட வேண்டும், பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

பெரம்பூர் ஞாயிறு:

84 கிலோ, முதுகில் பை, எட்டு மணி ரோடு என்றால் 28 வேண்டாம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது ஞாயிறு காலை ஓட்டத்தை மனதில் வைத்து. ஆனால் 32-ஐ இவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். 32-இல் நல்ல மெல்லிய உடம்பு உள்ள டயர்கள் 35-ஐவிட அதிக வகையில் கிடைக்கின்றன, ஈசிஆரில் கூட்டத்தோடு போவதற்கும் அது ஒத்து வரும். பின்னால் 75, முன்னால் 60 வைத்தால் அவர் எடைக்கும் தாங்கும்.

டோல்கேட் வாசி:

32 தாங்கும், தாங்காது என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வாரத்தில் ஆறு நாள் கத்திவாக்கம் போகிறார், ஒரு நாள்தான் முட்டுக்காடு. அந்த ஆறு நாளில் மோசமான ஒரு கிலோமீட்டர் எதுவோ அதற்குத்தான் டயர் வாங்க வேண்டும். விரைவுச் சாலையில் இடது ஓரம் முழுக்கக் கடல் மணலும் ஜல்லியும், நிற்கிற டிரெய்லருக்கும் ஓடுகிற டிரெய்லருக்கும் நடுவில் போகும்போது பள்ளத்தைப் பார்த்து விலக இடமே கிடையாது, வருவதை அப்படியே வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த நேரத்தில் 35 இருந்தால் கை ஹேண்டிலில் நிதானமாக நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, அப்போது இன்னும் வேண்டும்.

ஈசிஆரில் 35-க்கும் 32-க்கும் அவருடைய வேகத்தில் பெரிய வித்தியாசம் வராது. முப்பதைத் தாண்டினால் தடுப்பது எதிர்க்காற்று, அதற்கு உடம்பைக் கொஞ்சம் குனிந்து ஓட்டினால் கிடைக்கும் லாபம் மூன்று மில்லிமீட்டர் டயரில் கிடைக்காது.

வண்ணை சைக்கிள்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. 35-622, தார் ரோட்டு டயர், நடுவில் பட்டை வைத்தது, முன்னும் பின்னும் அதுவே என்று முடிவு செய்துவிட்டேன். பாரிமுனைப் பக்கம் கடைகளில் போய் விரலால் கிள்ளிப் பார்த்து வாங்கப் போகிறேன். மீட்டர் வைத்த பம்பும்.

இன்னும் மூன்று சின்னக் கேள்வி. மட்கார்டைக் கீழே இறக்க வேண்டுமா? ஹேண்டிலில் மாட்டிய, தூரமும் வேகமும் காட்டும் மீட்டர் தப்பாகக் காட்டுமா? அப்புறம், ஆபீஸில் நிழல் இல்லாத இடத்தில்தான் வண்டி நிற்கும், அக்னி நட்சத்திர வெயிலில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்கிறார்களே?

பழைய ராலி:

நல்ல முடிவு தம்பி. மட்கார்டு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், மழையில் மணலும் சேறும் ஒட்டிக்கொண்டு சுற்றும்போது அந்தக் கூடுதல் இடைவெளி வேண்டும். குறைந்தது ஐந்தாறு மில்லிமீட்டர் எப்போதும் இருக்க வேண்டும், உங்களுக்கு அதற்கு மேலேயே இருக்கும்.

வெயிலுக்குப் பயப்படாதீர்கள். காலை வீட்டு வாசலில் 27 டிகிரியில் 50 பிஎஸ்ஐ வைத்தீர்கள், டயருக்குள் இருக்கும் காற்று இருபது டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 54 ஆகும், அதற்கு மேல் ஒன்றிரண்டு போகலாம், அவ்வளவுதான். பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு ஒட்டி வைக்கிறவர்களுக்குத்தான் அது கவலை. வெயிலில் நிற்பதால் ரப்பர் சீக்கிரம் வெடிப்பு விடும் என்பது வேறு விஷயம், பழைய சாக்கைப் பின் சக்கரத்தின் மேல் போட்டு வைத்தால் போதும்.

மீட்டர் தப்பாகத்தான் காட்டும், கொஞ்சம். 40-622 டயருக்குச் சுற்றளவு 2200 மில்லிமீட்டர் என்று வைத்திருப்பீர்கள், 35-622-க்கு 2168 என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நூறு கிலோமீட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு அதிகமாகக் காட்டும். இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால் காற்று வைத்து, நீங்கள் ஏறி உட்கார்ந்து, வால்வைத் தரைக்கு நேராக வைத்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு போட்டு, நடுவில் டேப் பிடித்து அளந்து அந்த எண்ணைப் போடுங்கள். மீட்டருக்குக் காந்தம் முன் சக்கரத்தில் இருந்தால் முன் சக்கரத்தைத்தான் அளக்க வேண்டும்.